கடல் கடந்த கட்டத்துணி

உலகமயமாக்கல் என்ற சொல் தமிழ்ப் பொதுவெளியில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகுதான் என்பதாலோ என்னவோ, அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே வருகின்றவற்றைச் சுற்றியே அமைந்துவிட்டது. அயல்நாட்டு உணவும் உடையும் பொழுதுபோக்கும் வந்து குவியும்போது, ஒரு மக்கள்கூட்டம் தன்னை இன்னார் என்று அறிந்துகொள்ளவும் பிறருக்கு உணர்த்தவும் துணைநிற்கும் மொழி, உடை, சடங்கு, நினைவு ஆகியவற்றின் தொகுப்பான பண்பாட்டு அடையாளம் கரைந்துவிடுமோ என்ற கவலையே அந்தப் பேச்சின் அடிநாதம். அந்தக் கவலைக்கு நியாயம் உண்டு. ஆயினும், சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று, நானூறு ஆண்டுக் கடல் வாணிகத்தின் வழியே, நைஜீரியாவின் கழிமுகத் தீவுகளில் பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய துணியாகவும், கரீபியன் தீவுகளில் தேசிய உடையாகவும், அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மேட்டுக்குடியின் கோடைச் சட்டையாகவும் மாறிய வரலாற்றை எடுத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது புலப்படும். எல்லை கடந்து வந்த பொருளைத் தன் கையால் மாற்றிக்கொள்ளவும், அதற்குப் பெயர் சூட்டவும், அதன் விலையைச் சொல்லவும் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதே அந்தக் கேள்வி.

உலகச் சந்தையில் மதராஸ் துணி என்று பெயர்பெற்ற இது, நெய்வதற்கு முன்பே சாயம் தோய்க்கப்பட்ட நூலால் ஆன மெல்லிய பருத்தித் துணி. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் பாவு நூலிலும், நாடாவில் ஏறிக் குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் நிறங்கள் ஒரே கணக்கில் மாறி மாறி வரும்போது, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் கட்டங்கள் பிறக்கின்றன. துணியின் மேல் எதுவும் அச்சிடப்படாததால் அதற்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்கைப் பாவு ஓட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஊடையில் நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள நாடாவை வைத்துவிட்டு, வேறு நிறத் தார் போட்ட நாடாவை எடுக்க வேண்டும். ஓர் இழை பிசகினாலும் கட்டம் கோணிவிடும். தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட்டு நீவுவதும், சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்துத் தார் சுற்றுவதும் குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலைகள். தறிக் குழிக்குள் கால் இறக்கி உட்கார்ந்திருப்பவர் ஒருவரே என்றாலும், குழித்தறி ஒன்றில் நெய்யப்படும் துணி ஒரு வீட்டின் உழைப்பு. பழைய நாளில் நீலம் அவுரியிலிருந்தும், மஞ்சள் மஞ்சள் கிழங்கிலிருந்தும், சிவப்பு சாயவேரிலிருந்தும் வந்தன. சாயவேர் என்பது இக்கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளையும் ஒரு சிறு செடியின் வேர். நிறத்தோடு சேர்ந்து எண்ணெய், சாயம், கஞ்சி ஆகியவற்றின் கலவையான ஒரு வாசனையும் துணியில் தங்கிவிட்டது. பின்னாளில் அந்த வாசனையே துணியின் சான்றிதழாக விளங்கியது.

இத்துணியின் பயணத்தை ஐரோப்பியர் தொடங்கி வைக்கவில்லை. தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சோழமண்டலத் துணி அவர்களுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் செய்தது, அந்தப் பயணத்தை அட்லாண்டிக் பெருங்கடல் வரை நீட்டியதும், அதன் கணக்குப் புத்தகத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டதும்தான். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை அமைத்ததும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் மதராசபட்டினத்து மணல்வெளியைக் கேட்டுப் பெற்றதும் துணி வாணிகத்துக்காகவே. ஒழுங்கான துறைமுகம்கூட இல்லாத அந்தக் கரையில் ஒரு நகரம் எழுந்ததற்கு, சுற்றுவட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூர் அருகே நெசவாளர் குடியிருப்பாக உருவான காலாடிப்பேட்டையும், 1734இல் நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றி உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையும், துணி வெளுப்பவர்கள் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும் இன்றைய சென்னையின் வரைபடத்தில் அந்த வாணிகம் விட்டுச்சென்ற தடங்கள்.

இங்கிலாந்தின் கம்பளி, பட்டு உற்பத்தியாளர்களின் நெருக்கடியால் 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் கொண்டுவரப்பட்ட தடைச் சட்டங்கள் இந்த வரலாற்றின் போக்கை மாற்றின. சாயமிட்ட இந்தியத் துணிகளை இங்கிலாந்துக்குள் விற்பதும் உடுத்துவதும் தடை செய்யப்பட்டாலும், அவற்றை இறக்கி மீண்டும் வேறு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. ஆகவே சோழமண்டலத்தின் துணிப் பொதிகள் லண்டன் கிடங்குகள் வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயின. அங்கே அவற்றுக்கு ஈடாக மனிதர்கள் வாங்கப்பட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வாணிகத்துக்காக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் கப்பல் கணக்குகளைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். அவுரி நீலம் தோய்த்த கினே என்ற துணி, பிரெஞ்சுக்காரர்களால் புதுச்சேரியிலிருந்து செனகல் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கருவேலம்பிசின் வாணிகத்தில் நாணயமாகவே புழங்கியது. பாவு நீட்டிய தெருவுக்கும் அடிமைக் கப்பலின் அடித்தளத்துக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருந்ததை அந்தத் தெருவில் இருந்தவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கைத்தறியின் பெருமையைப் பேசுகிற எவரும் இந்தத் தொடர்பை மறைத்துவிட்டுப் பேசுவது முறையாகாது. உலகமயமாக்கலின் முதல் அலை இரத்தம் தோய்ந்தது. அதன் சரக்குப் பட்டியலில் தமிழ், தெலுங்கு நெசவாளரின் உழைப்பு முன்வரிசையில் இருந்தது.

கலபாரிகளின் கத்தி முனையில்

நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியில், அலையாத்திக் காடுகளும் உப்பங்கழிகளும் சூழ்ந்த தீவுகளில் வாழும் கலபாரி மக்கள், மீன்பிடித்தலோடு நூற்றாண்டுகளாக இடைத்தரகு வாணிகமும் செய்தவர்கள். பருத்தி விளையாத, நெசவுத் தொழில் வேர்விடாத அந்தச் சதுப்பு நிலத்தில், இஞ்சிரி என்று அவர்கள் அழைக்கும் மதராஸ் கட்டத்துணி அவர்களுடைய சொந்தத் துணியாகவே கருதப்படுகிறது. குழந்தை பிறக்கும்போதும், பெண்ணின் வளர்ச்சிக் கட்டங்களைக் கொண்டாடும் இரியா என்ற சடங்கிலும், முதியவர் இறக்கும்போது அவருடைய உடல் கிடத்தப்படும் அலங்கரித்த அறையிலும் இஞ்சிரி இடம்பெற்றாக வேண்டும். குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைக்கப்பட்ட துணிகள், இறந்தவரின் பெருமையையும் அவர் பிறந்த வீட்டின் பழமையையும் ஊரார் காணும்படி அந்த அறையில் விரிக்கப்படுகின்றன. அந்தப் பெட்டியில் நல்ல இஞ்சிரி இல்லாத குடும்பம் கலபாரி சமூகத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

வந்த துணியை வந்தபடியே உடுத்துவதோடு கலபாரிகள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய பகுதி. பெலெடே பிடே என்று வழங்கப்படும் வெட்டிழைத் துணியை உருவாக்கும் பெண், மதராஸ் துணியை மடியில் விரித்து, ஊசி முனையாலோ சிறு கத்தி முனையாலோ வெளிர் நிற இழைகளை மட்டும் மெல்ல நெம்பித் தூக்குகிறார். சவர அலகால் அந்த இழையை இரண்டு இடங்களில் அறுத்து, இடையிலுள்ள துண்டை உருவி எடுத்துவிடுகிறார். அடர் நிற இழைகள் அப்படியே நிற்க, வெளிர் இழைகள் போன இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு இடைவெளிகள் தோன்றுகின்றன. இப்படி ஓர் இழை, மறு இழை என்று வேலை நீளும்போது, சென்னைப் பக்கத்துக் கட்டத்துக்குள்ளிருந்து முற்றிலும் வேறொரு வடிவம் எழுகிறது. ஒரு திசை இழைகளை முழுவதுமாக உருவி எடுத்துவிடும் ஃபிமாடே பிடே என்ற மற்றொரு முறையும் உண்டு. கைவேலைக்கேற்ப வடிவங்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன. தேர்ந்த கைகளுக்கு மதிப்பு இருக்கிறது. சவர அலகு பிசகி அடர் இழை அறுந்துவிட்டால் துணி பாழ். நெசவாளர் சேர்த்ததைக் குறைப்பதன் மூலம் புதியதொன்றை ஆக்கும் இந்தக் கலைக்கு உலகத் துணி வரலாற்றில் இணைகள் மிகக் குறைவு.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஐக்கரும், கலபாரி சமூகத்தைச் சேர்ந்த அறிஞரான டோன்யே எரெகோசிமாவும் இந்தத் துணியை ஆராய்ந்து 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்தாக்கத்தைப் பண்பாட்டு உரித்தாக்கம் என்று தமிழில் சொல்லலாம். அயலிலிருந்து வந்த பொருள் ஒன்றை ஒரு சமூகம் முதலில் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அதற்குத் தன் மொழியில் பெயர் வைத்துத் தன் உலகுக்குள் அழைத்துக்கொள்கிறது. மூன்றாவதாக, குறிப்பிட்ட குலம், வயது, சடங்கு ஆகியவற்றோடு அதைப் பிணைக்கிறது. இறுதியில் அதன் உருவையோ பயன்பாட்டையோ மாற்றி, வேறு எங்கும் இல்லாத ஒன்றாக ஆக்கிவிடுகிறது. இந்த நான்கு நிலைகளும் நிறைவுற்றபின் அப்பொருளை அயல்பொருள் என்று சொல்வது பொருந்தாது. ஓர் அடையாளத்தின் உண்மைத்தன்மை அது பிறந்த மண்ணைப் பொறுத்தது என்ற பழகிப்போன எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேறு எதுவும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகள் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்காக மதராஸ் துணியின் போலியை நெய்து அனுப்பின. கட்டமும் நிறமும் ஒத்திருந்தும் வாங்குவோர் ஏமாறவில்லை. முகர்ந்து பார்த்தும், விரலால் தேய்த்துப் பார்த்தும் போலியை ஒதுக்கினார்கள். ஏற்றுமதியாளர்கள் அசல் மதராஸ் கைக்குட்டை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எம்.எச்.கே. என்று துணிக்குப் பெயரிட வேண்டியிருந்ததற்கு இந்தக் கறார்தான் பின்னணி. கைக்குட்டை என்ற சொல் இங்கே மூக்கைத் துடைக்கும் துண்டைக் குறிக்கவில்லை. ஏறத்தாழ ஒரு கஜ அகலத்தில் சதுரம் சதுரமாக நெய்யப்பட்டு, வேண்டுமளவு வெட்டிக்கொள்ளத் தக்க துணியைக் குறிக்கும் வணிகச் சொல் அது. கலபாரிகளின் அண்டை மக்களான இக்போக்கள் இதே மரபில் வந்த துணியை ஜார்ஜ் என்று அழைக்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

தலைப்பாகையில் ஒரு நாடு

அட்லாண்டிக்கின் மறுகரையில் அதே துணி இன்னும் கடுமையான சூழலில் வேர்பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் தங்கள் உடையையோ மொழியையோ எடுத்துச்செல்ல முடியாத நிலையில், தோட்ட முதலாளிகளின் கையிலிருந்தும் ஞாயிற்றுச் சந்தைகளிலிருந்தும் கிடைத்த மதராஸ் துண்டுகளைக் கொண்டு தலையை அலங்கரித்துக்கொண்டார்கள். 1786இல் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தெபான் மீரோ, ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சுதந்திரப் பெண்கள் தங்கள் கூந்தலைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். வெள்ளைப் பெண்களுக்கு இணையாக அவர்கள் அலங்கரித்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தப் பெண்கள் ஆணைக்குப் பணிந்தார்கள், ஆனால் பளிச்சிடும் மதராஸ் துணியை உயரமாகவும் நுட்பமாகவும் கட்டி, தாழ்த்துவதற்காக விதிக்கப்பட்டதை வீதியின் அழகாக்கிவிட்டார்கள்.

மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில், ஆப்பிரிக்க, ஐரோப்பிய மரபுகள் கலந்து உருவான கிரியோல் பண்பாட்டின் முதன்மைச் சின்னமாக இத்துணி வளர்ந்தது. தலைத்துணியின் நுனிகளை மேல்நோக்கி எத்தனை கூர்களாக நிறுத்துவது என்பதற்கு அங்கே இலக்கணம் உண்டு. ஒரு கூர் என்றால் மனம் யாருக்கும் உரியதாகவில்லை என்றும், இரண்டு என்றால் ஒருவருக்கு வாக்களிக்கப்பட்டது என்றும், மூன்று என்றால் மணமானவர் என்றும் தீவுக்குத் தீவு சிறு மாற்றங்களோடு சொல்லப்படுகிறது. மார்த்தினிக்கில் துணியின் வெளிர் கட்டங்களின் மேல் மஞ்சள் சாயத்தைப் பிசினில் குழைத்துக் கையால் தீட்டும் தொழிலே தனியாக இருந்தது. கப்பலில் வந்த நிறம் அந்தத் தீவின் வெயிலுக்குப் போதவில்லை என்று அந்தப் பெண்கள் கருதியிருக்க வேண்டும். கலபாரிப் பெண் இழையை உருவி எடுத்தார். மார்த்தினிக் பெண் நிறத்தைக் கூட்டினார். இரண்டுமே உரித்தாக்கம்தான்.

ஜமைக்கா 1962இலும், டொமினிக்கா 1978இலும், செயின்ட் லூசியா 1979இலும் விடுதலை பெற்றபோது, தங்களுக்கென ஒரு தேசிய உடை வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றின் விடை பெரும்பாலும் மதராஸ் துணியாகவே அமைந்தது. ஜமைக்காவின் நாட்டார் மொழிக்குக் கவிதையிலும் மேடையிலும் மதிப்புத் தேடித் தந்த லூயிஸ் பென்னட், பண்டானா என்று அங்கே வழங்கும் சிவப்புக் கட்டத்துணியை உடுத்தியே மேடையேறினார். ஆன்டிகுவாவின் தேசிய உடையைக் கலைஞர் ஹெதர் டோராம் 1992இல் வடிவமைத்தபோதும் மதராஸ் கட்டமே அதில் இடம்பிடித்தது. மெக்சிகோவில் உழவர்களும் விடுதலை வீரர் மொரேலோசும் தலையில் கட்டிய துணிக்குப் பாலியாகாத்தே என்று பெயர். பழவேற்காடு என்ற ஊர்ப்பெயரின் ஐரோப்பிய உருவம் அது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்று, அதை எதிர்த்துச் சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபாத்தா இயக்கத்தினரின் அடையாளங்களில் ஒன்றாகச் சிவப்புப் பாலியாகாத்தே அமைந்தது.

இதே தீவுகளுக்குத் துணியைத் தொடர்ந்து அந்தக் கரையின் மனிதர்களும் போய்ச் சேர்ந்தார்கள். 1848இல் பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், குறிப்பிட்ட ஆண்டுகள் உழைப்பதாகக் கைநாட்டு வாங்கி ஆட்களை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தக் கூலி முறையை நாடினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரேலி என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக்கையும், 1854இல் குவாதலூப்பையும் அடைந்தது. அடுத்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000க்கு மேற்பட்டோரும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். அவர்கள் இறங்கிய கரையில் எதிர்ப்பட்ட பெண்களின் தலையில் தங்கள் நாட்டுத் துணி இருந்தது. ஆனால் அந்தத் துணிக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குவாதலூப்பில் அவர்களின் வழித்தோன்றல்கள் வாக்குரிமை பெறுவதற்காக ஹென்றி சிதம்பரம் 1904ஆம் ஆண்டிலிருந்து 1923ஆம் ஆண்டுவரை வழக்காட வேண்டியிருந்தது. மொழி இரண்டு மூன்று தலைமுறைகளில் உதிர்ந்துவிட்டது. மாரியம்மனும் மதுரைவீரனும் உச்சரிப்பு மாறிய பெயர்களோடு நிலைத்தார்கள். மசாலாக் குழம்பு கொலொம்போ என்ற பெயரில் எல்லோருடைய உணவாயிற்று. பொருள் எளிதாகக் குடியுரிமை பெறும் இடத்தில் மனிதர் பெறுவதில்லை என்ற உண்மையை உலகமயமாக்கலின் ஆதரவாளர்கள் போதிய அளவு பேசுவதே இல்லை.

சாயம் போகும் சட்டை

வட அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. மதராஸ் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டின் கல்லூரி ஒன்றுக்கு நூல்களோடு துணிப் பொதிகளையும் அனுப்ப, அவற்றை விற்றுக் கிடைத்த பணத்துக்கு நன்றியாகக் கல்லூரி அவருடைய பெயரை ஏற்றது என்பது பலரும் அறிந்த செய்தி. இருபதாம் நூற்றாண்டில், கரீபியன் தீவுகளிலும் பெர்முடாவிலும் விடுமுறை கழித்துத் திரும்பிய செல்வர்களின் வழியே மதராஸ் சட்டை அமெரிக்கக் கல்லூரி வளாகங்களுக்குள் நுழைந்தது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் துணி வாங்கிப் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார் என்றும், தனியாகத் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு விடுபட்டதால் சாயம் பிற உடைகளில் ஒட்டி வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள் என்றும் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. விளம்பர வல்லுநர்கள் அந்தக் குறையையே சிறப்பாக மாற்றினார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறிப் புதுச் சட்டையாகத் தோன்றும் அதிசயத் துணி என்று விற்றார்கள். சாயம் போவதற்கு உத்தரவாதம் அளிக்கப்பட்டது. 1967இல் வெளியான எஸ். இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலில், பணக்கார வீட்டு இளைஞர்களை ஏழை இளைஞர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் ஒன்று மதராஸ் சட்டை.

கலபாரியிலும் மார்த்தினிக்கிலும் துணிக்குப் பொருள் தந்தவை அதை மடியில் விரித்து வேலை செய்த கைகள். அமெரிக்காவில் பொருள் தந்தது விளம்பர வாசகம். முதல் வகையில் அயல்பொருள் ஒரு சமூகத்தின் பொது நினைவாக மாறுகிறது; அதற்குத் தலைமுறைகள் தேவைப்படுகின்றன; அதனாலேயே எளிதில் அழிவதில்லை. இரண்டாம் வகையில் அது ஒரு வகுப்பின் முத்திரையாக ஒரே கோடையில் உச்சிக்குப் போய், வேறொரு கோடையில் இறங்கிவிடுகிறது. இரண்டையும் உலகமயமாக்கல் என்ற ஒரே பெயரால் அழைப்பது சரியென்றாலும், பண்பாட்டு அடையாளத்தின் மீது அவற்றின் விளைவு ஒன்றல்ல. இன்றைய பெருவணிகம் வளர்க்க விரும்புவது இரண்டாம் வகையையே; அந்த வகையில் மட்டுமே அடுத்த ஆண்டு வேறொன்றை விற்க முடியும்.

தறி இருந்த இடம்

இத்தனை மக்களுக்கு அடையாளமாகிய துணி, அது நெய்யப்பட்ட மண்ணில் என்ன மதிப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கான விடை வருத்தம் தருவது. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் நெய்யப்பட்ட கட்டம் போட்ட கைலி, உழைப்பாளியின் உடையாகவும் வீட்டுக்குள் மட்டும் கட்டும் உடையாகவும் சுருங்கிவிட்டது. ஒரு திருமணத்துக்கோ அலுவலகத்துக்கோ அதைக் கட்டிக்கொண்டு போவதைத் தமிழ்ச் சமூகம் மரியாதைக் குறைவாகவே கருதுகிறது. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையின் மன்றம் ஒன்று உள்ளே விடாததால் எழுந்த கொதிப்பில், 2014இல் தமிழகச் சட்டமன்றம் வேட்டிக்காக ஒரு சட்டமே இயற்றியது. அந்தச் சட்டம் தேவையானதுதான். ஆனால் பண்பாட்டுப் பெருமையாகக் கொண்டாடப்படும் உடைகளின் வரிசையில் கட்டத்துணியை வைத்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளை வேட்டிக்கும் பட்டுக்கும் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்காமல் போனதற்கு அழகுக் குறை காரணமல்ல. அதை யார் உடுத்தினார்கள் என்பதே காரணம்.

நெய்பவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் உரியவையாக அறிவித்தது. பின்னர் அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. கைலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனினும் விசைத்தறிக் கைலிகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு விதித்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தபின், எங்கே மலிவோ அங்கே நெய்து, எங்கும் நெய்த கட்டத்துக்கும் மதராஸ் என்ற பெயரைச் சூட்டும் வழக்கம் இன்னும் எளிதாயிற்று. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்கும் சுமார் 35 லட்சம் பேர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பதாகக் காட்டுகிறது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பதையும் அதே கணக்கெடுப்பு பதிவு செய்கிறது. உலகின் பல நாடுகளில் அடையாளமாக நிற்கும் ஒரு மரபை இந்த வருமானத்தில் பிள்ளைகளுக்குக் கைமாற்றிவிடும்படி ஒரு குடும்பத்தைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் அல்லது செய்யப்படும் இடத்தோடு பிணைந்தது என்று ஏற்று, அந்த இடத்தாருக்கு மட்டும் பெயரின் மீது உரிமை தரும் புவிசார் குறியீட்டு முறை பல இந்தியத் துணிகளுக்குத் துணைநிற்கிறது. மதராஸ் துணியின் வரலாறு அந்த முறையின் அடிப்படையையே சோதிக்கிறது. பெயர் தந்த நகரம் 1996இல் சென்னையாகிவிட்டது. ஆப்பிரிக்கச் சந்தைக்கான துணியைப் பெருமளவில் நெய்த சீராலா, மதராஸ் மாநிலத்தில் இருந்து 1953இல் பிரிந்து இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. வடிவத்தை நிறைவாக்கிய கைகள் நைஜீரியாவில் இருக்கின்றன. தலைக்கட்டின் இலக்கணம் கரீபியனில் இருக்கிறது. இவர்களில் எவரையும் விட்டுவிட்டு இந்தத் துணியின் கதையைச் சொல்ல முடியாது. ஆயினும் இவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. நானூறு ஆண்டுகளாக இடையில் நின்றவர்கள் கம்பெனி அதிகாரிகளும் ஏற்றுமதித் தரகர்களும் மட்டுமே. கட்டத்தின் அளவும் நிறமும் விலையும் அவர்கள் வழியாகவே போய்வந்தன. துணி எங்கே போகிறது என்பது தெரியாமலேயே நெசவாளர் நெய்தார்; யார் நெய்தது என்பது தெரியாமலேயே கலபாரிப் பெண் இழையை உருவினார்.

இந்த இடைவெளியைக் குறைப்பது இயலாத காரியமன்று. 1935இல் தொடங்கப்பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணிகளை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற அமைப்பு ஒன்று, சீராலாவின் சங்கங்களோடு கைகோத்து, நைஜீரியக் கழிமுகத்தின் வணிகப் பெண்களோடும் கரீபியன் அரசுகளின் பண்பாட்டுத் துறைகளோடும் நேரடியாகப் பேசலாம். விடுதலை நாளில் மதராஸ் உடுத்தும் தீவுகளின் பள்ளிக் குழந்தைகளுக்கு, அச்சிட்ட பாலியெஸ்டர் துணிக்கு மாற்றாகக் குழித்தறித் துணியை, நெய்த ஊரின் பெயரோடு அனுப்பலாம். வெட்டிழைக் கலையில் தேர்ந்த கலபாரிப் பெண்களைச் சீராலாவுக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் அழைத்து, தாங்கள் நெய்த துணி அங்கே என்னவாகிறது என்பதை நெசவாளர்கள் முதன்முறையாகக் கண்ணால் காணச் செய்யலாம். எந்த இழையை அடர்த்தியாக வைத்தால் அறுப்பதற்கு வாகாக இருக்கும், எந்தக் கட்டம் எந்தச் சடங்குக்கு வேண்டும், அந்தக் கூடுதல் வேலைக்கு என்ன கூலி என்பவற்றையெல்லாம் அப்போது அவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.